மனுப் போட்டவனுக்குக் காவல் எங்கே?

தாண்டிக்குடி மலையிலிருந்து முருகன் ஒரே தாண்டலில் பழனிக்குப் போய்ச் சேர்ந்தான் என்று கதை சொல்லுவார்கள். கதையில் எதுவும் தாண்டும். ஆனால், அதே தாண்டிக்குடியில் காப்பியும் மிளகும் பயிரிடும் ஒரு குடியானவன், சர்க்கார் பணத்தில் போட்ட ரோட்டில் மோசடி நடந்ததென்று திண்டுக்கல் கலெக்டருக்கு மனுக் கொடுப்பதாக வைத்துக் கொள்ளுவோம். அம்மனு கொடைக்கானலுக்கு வந்து, அங்கிருந்து படிப்படியாய் இறங்கி, யார் மீது குற்றஞ் சாட்டப்பட்டதோ அவர் மேஜைக்கே விசாரணைக்கு வந்து சேருமானால், மனுதாரன் பெயர் அன்று மாலைக்குள் கண்டிராக்டருக்குத் தெரியாமல் இருக்குமா? பிறகு அவன் கதி என்ன?

இது வீண் பயமல்ல. 2002-ம் வருஷத்தில் சத்யேந்திர துபே என்னும் இஞ்சினியர், நெடுஞ்சாலை வேலையில் நடக்கும் ஊழலைப் பிரதம மந்திரி ஆபீசுக்கு எழுதி, தம் பெயரை மறைத்து வைக்கும்படியும் கேட்டுக் கொண்டார். கடிதமோ பெயரோடேயே ஆபீசுக்கு ஆபீஸ் சுற்றியது. 2003 நவம்பர் 27-ந் தேதி அவர் கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொன்றவர்கள் வழிப்பறிக்காரர்கள் என்று கேஸ் முடிந்தது. அப்படியே இருக்கட்டும். நம்பி எழுதியவன் பெயரை ஊரறியச் செய்த குற்றம் அதனால் தீர்ந்துவிடுமா?

நம் தமிழ்நாட்டிலும் பாருங்கள். தூத்துக்குடி ஜில்லா முறப்பநாட்டில் மணல் திருட்டைப் பற்றிப் போலீசில் புகார் செய்த கிராம நிர்வாக அதிகாரி லூர்து பிரான்சிஸ், 2023 ஏப்ரல் 25-ந் தேதி பட்டப்பகலில் தம் ஆபீசிலேயே வெட்டப்பட்டு மாண்டார். கொலையாளிகள் இருவருக்கு அவ்வருஷமே ஆயுள் தண்டனை கிடைத்தது. குடும்பத்துக்கு ஒரு கோடி ரூபாய் உதவி அறிவிக்கப்பட்டது. இரண்டும் நியாயமே. ஆனால் உயிரோடிருக்கும்போது கிடைப்பதல்லவா காவல்? சர்க்கார் உத்தியோகஸ்தருக்கே இந்தக் கதியானால், சாதாரணக் குடியானவன் எதை நம்பி வாய் திறப்பான்?

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 2014-ம் வருஷத்தில் பார்லிமெண்டு நிறைவேற்றி, மே 9-ந் தேதி ஜனாதிபதி ஒப்புதலும் பெற்ற சட்டம் அது. உத்தியோகஸ்தர் மீது யாரும் புகார் செய்யலாம். புகார் செய்தவன் பெயரை வெளியிட்டால் மூன்று வருஷம் வரை சிறை என்கிறது அச்சட்டம். ஆயினும் பத்து வருஷம் கடந்தும் அதை அமலுக்குக் கொண்டுவரவில்லை. பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும் குடை யாரை மழையிலிருந்து காக்கும்?

“பொய் மனுக்கள் பெருகிவிடுமே” என்று சிலர் கவலைப்படுகிறார்கள். தெரிந்தே பொய்ப் புகார் செய்பவனுக்கு இரண்டு வருஷம் வரை தண்டனை அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அக்கவலை வெறுஞ்சாக்கே என்பது நமது அபிப்பிராயம்.

சட்டத்தை உடனே அமலுக்குக் கொண்டுவர வேண்டும். அதுவரையிலும், மனுவைக் கீழே அனுப்புமுன் மனுதாரன் பெயரை நீக்கும்படியும், குற்றஞ் சாட்டப்பட்டவர் ஆபீசுக்கே விசாரணையை அனுப்பக்கூடாதென்றும் ஓர் உத்தரவு போடுவதற்குச் சர்க்காருக்கு என்ன கஷ்டம்?

தோழர்களே! ஒருவன் பெயரைக் குறி வைப்பது சுலபம். ஊரே கையெழுத்திட்டால் யாரைக் குறி வைப்பார்கள்? தனி மனு வேண்டாம். ஊர் மனுவாகப் போடுங்கள்!