சைக்கிள் எடுத்தா மலை கூடவே வரும்... தேவாரம் ரவுண்டு!

அம்மாச்சி வீட்டுத் திண்ணை ஓரத்தில் என்னோட பிளஸ் ஒன் சைக்கிள் இன்னும் நிற்கிறது. அரசு கொடுத்த சைக்கிள். கியர் கிடையாது, கூடை பாதி உடைந்துவிட்டது, பெல் அடித்தால் தும்முகிற சத்தம்தான் வரும். ரெண்டு டயருக்கும் பஞ்சர் பார்த்து, செயினுக்கு எண்ணெய் விட்டதும் ஓட ஆரம்பித்துவிட்டது. இந்த வார ரவுண்டு அதில்தான். விலை உயர்ந்த சைக்கிள் இல்லையே என்று யோசிக்கிறவர்கள் தாராளமாக மேலே படிக்கலாம்!

தேனி மாவட்டத்தில் போடியில் இருந்து ராசிங்கபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை வழியாக உத்தமபாளையம் போகும் ரோடுதான் இங்கே சைக்கிளுக்கு ஏற்ற ரோடு. சின்னமனூர் வழியாகப் போகும் நெடுஞ்சாலையில் லாரியும் சபரிமலை வேன்களும் விரட்டும். இந்தப் பக்கம் அவ்வளவு இல்லை. மேற்கே மலை சுவர் மாதிரி கூடவே வரும். மலை மேற்கில் இருப்பதால் காலைதான் அழகு. சூரியன் எழுந்ததும் மலை உச்சியில் முதலில் வெளிச்சம் விழும், பிறகு அது மெதுவாகத் தோப்புக்கு இறங்கி வரும். சாயங்காலம் நேர் எதிர். சீக்கிரமே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும், அடிவாரம் சட்டென்று இருட்டிவிடும்.

ஆனி, ஆடியில் வருகிறவர்கள் காற்றுக்கும் தயாராக வர வேண்டும். மலை இடைவெளிகளில் புகுந்து வரும் தென்மேற்குக் காற்று, கோம்பை நோக்கிப் போகும்போது நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும், பெடலே மிதிக்க வேண்டாம். அதனால் முதலில் கோம்பை பக்கம் போய்விட்டுத் திரும்புவது புத்திசாலித்தனம். நான் முதல் நாள் தலைகீழாகச் செய்துவிட்டு, ராசிங்கபுரத்தில் இருந்து உருட்டிக்கொண்டு வந்தேன்.

பண்ணைப்புரம் யார் ஊர் என்று சொல்லத் தேவையில்லை. 1943-ல் இளையராஜா பிறந்த ஊர். ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஊரைக் கடந்து பாருங்கள். தென்னங்கீற்றுச் சத்தம், ஆடு, தூரத்தில் ஒரு மோட்டார் ரூம். அடுத்து கோம்பை. நாய் இனத்துக்கே பெயர் கொடுத்த ஊர் என்பதால் கொஞ்சம் பயந்துதான் போனேன். துரத்தியது என்னவோ ஒரு வாத்துக் கூட்டம்!

எனக்குப் பிடித்தது பதினெட்டாம் கால்வாய்க் கரை. லோயர் கேம்ப்பில் இருந்து மலையடிவாரத்தை ஒட்டியே தேவாரம் வரை வந்து, போடி பக்கமும் நீட்டிக்கப்பட்ட கால்வாய் இது. 1895-ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர், வழியில் இருக்கும் கண்மாய்களுக்கு இதில்தான் போகிறது. அணையில் போதுமான தண்ணீர் இருந்தால்தான் திறப்பார்கள். தண்ணீர் ஓடும் நாளில் கரையில் சைக்கிள் ஓட்டுவது தனி சுகம். மண் பாதைதான், மழை பெய்திருந்தால் டயர் புதையும். குறுகலான இடத்தில் இறங்கித் தள்ளுங்கள், வெட்கமே வேண்டாம்.

கரையில் எனக்கு எதிரே வந்த தோட்டக்காரர் ஒருவர், "எத்தனை மணிக்குத் திரும்புவ தாயி?" என்றார். ஆறு மணி என்றேன். "அஞ்சுக்கே போயிரு. பெரியவர் இறங்குற நேரம்" என்றார். இங்கே யானையைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். அவர் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. தேவாரம் அடிவாரத்தில் தந்தமில்லாத மக்னா யானை ஒன்று பல உயிர்களை எடுத்திருக்கிறது. 2023 மே மாதம் அரிக்கொம்பன் கம்பம் நகருக்குள்ளேயே ஓடியதையும், டூவீலரில் வந்த ஒருவர் அதில் அடிபட்டு இறந்ததையும் டி.வி-யில் பார்த்திருப்பீர்கள். மாலை ரைடு வேண்டுமென்றால் ஊர்களுக்கு நடுவே மெயின் ரோட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படியானால் காலை ஐந்து மணிக்கே கிளம்பிவிடலாமா? நானும் அப்படித்தான் கிளம்பினேன். ஏலத்தோட்ட ஜீப் ஒன்று ஹாரன் அடித்தபடி உரசிப் போனதில், சைக்கிளோடு கள்ளிச் செடிக்குள் விழுந்தேன். முழங்கையில் முள்ளெடுக்கவே அரை மணி நேரம் ஆனது. சாயங்காலம் சித்தியிடம் புலம்பினால், அவர் சிரிக்கிறார். "அதே மாதிரி ஜீப்புலதான்டி நானும் போறேன். எட்டு மணிக்கு எஸ்டேட்ல நிக்கலேன்னா அன்னிக்குக் கூலி இல்ல. டிரைவர் எப்படி மெதுவாப் போவாரு? உள்ள இருக்குற நாங்க மட்டும் பயப்படாமலா இருக்கோம்?"

சித்தியைப் போல நிறையப் பெண்கள் தினமும் விடியும் முன்னால் கேரள ஏலத்தோட்டங்களுக்குப் போகிறார்கள். தேவாரத்துக்கு நேர் மேலே சாக்குலூத்து மெட்டு இருக்கிறது. அந்தக் காலத்தில் அதில் நடந்தே ஏறி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ரோடு கேட்டுப் பல வருடங்களாகக் கோரிக்கை வைக்கிறார்கள். நடுவில் இருப்பது காடு என்பதால் இழுபறி. அதனால் ஜீப்புகள் போடிமெட்டு, கம்பம்மெட்டு என்று சுற்றித்தான் மலையேறுகின்றன, அந்த நேரத்தைப் பிடிக்கத்தான் அந்த ஓட்டம். காடு வேண்டும் என்று நினைக்கிறவள் நான். ஆனால் சித்தியிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் பழைய பாதையில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு ஏறலாமா என்று கேட்காதீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காட்டுக்குள் போகக் கூடாது. 2018 மார்ச்சில் இதே மாவட்டத்தில் குரங்கணி காட்டுத் தீ எத்தனை பேரைக் கொண்டுபோனது!

இன்னொரு கிளை ரோடு பொட்டிப்புரத்துக்குப் போகிறது. மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்ததும், ஊர் மக்கள் எதிர்த்து நின்றதும் இங்கேதான். ஒரு மலை, கொஞ்சம் வேலி, மேயும் மாடுகள். பார்க்க அவ்வளவுதான் இருக்கிறது, ஆனால் ரோடு காலியாக இருக்கும்.

இரண்டாவது நாள் ஏழு மணிக்குக் கிளம்பினேன். ஜீப் எல்லாம் மலையேறியிருந்தது. வெயில் ஏறும் முன் ஒன்பதரைக்குள் வீடு திரும்பிவிடலாம். தண்ணீர் பாட்டில், பஞ்சர் கிட், பின்னால் ஒரு சிவப்பு லைட் கட்டாயம். பஞ்சர் கடைகள் எட்டரைக்கு மேல்தான் திறக்கிறார்கள், டீக்கடைகள் நாலரைக்கே. ஜீப் ஏறப் போகிறவர்களுக்காக.