அந்த அஞ்சு ரேஸ்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சொசைட்டியில் ஒரு நண்பர் வீட்டில் மதியச் சாப்பாடு. புனேயில் நல்ல வத்தக்குழம்பு கிடைக்கும் இரண்டு மூன்று வீடுகளில் அதுவும் ஒன்று. லீவுக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருந்த நண்பரின் மச்சினர் பேச்சுவாக்கில் ஸ்பிரிண்ட் கார் ரேஸ் பார்க்கப் போன கதையைச் சொன்னார். கடைசியில், "அங்க ஸ்டீவ் கின்சர்னு ஒருத்தரை சாமி மாதிரி கொண்டாடறாங்க சார். ஆனா நாஸ்கார்ல அஞ்சே ரேஸ்ல வெளியே அனுப்பிட்டாங்க. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை, அவ்வளவுதான்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் மோர்சாதத்தை முடித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். சாப்பாடு போட்ட வீட்டில் சண்டை போடக்கூடாது. அதனால் அந்தச் சண்டை இங்கே.

முதலில் அந்த "இலுப்பைப்பூ" யாரென்று பார்ப்போம். 1954-ல் பிறந்தவர், இண்டியானா மாநிலம் ப்ளூமிங்டன்காரர். 1978-ல் வேர்ல்ட் ஆஃப் அவுட்லாஸ் என்ற ஸ்பிரிண்ட் கார் தொடர் ஆரம்பித்தது. முதல் வருடமே சாம்பியன். அதோடு நிற்கவில்லை. 2005-க்குள் மொத்தம் 20 தடவை சாம்பியன். அந்தத் தொடரில் மட்டும் 577 வெற்றிகள். 1978 முதல், முழுநேர ஓட்டத்தை நிறுத்திய 2014 வரை கணக்குப் போட்டால் (பி.காம். படித்தவனுக்கு வகுத்தல் கணக்கு போடாமல் இருக்க முடியாது) வருடத்துக்குச் சராசரி 15-க்கு மேல். அயோவாவில் நாக்ஸ்வில் என்ற சின்ன ஊரில் வருடா வருடம் ஆகஸ்டில் நடக்கும் நேஷனல்ஸ்தான் இந்த விளையாட்டின் திருவிழா. அதில் 12 தடவை ஜெயித்திருக்கிறார்.

ஊரில் ஆலையே இல்லை, அதனால் ஜெயித்தார் என்றால், கூட ஓடிய சாமி ஸ்விண்டெல்லை எந்தக் கணக்கில் எழுதுவது? 1981, 82, 97 என்று மூன்று தடவை பட்டத்தை எடுத்துக்கொண்டு போனவர் அவர். டக் வுல்ஃப்காங் என்று ஒருவர். 1992-ல் ரேஸ் காரில் தீப்பிடித்து உடம்பு வெந்து, உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இப்படிப்பட்ட ஆட்கள் ராத்திரிக்கு ராத்திரி பக்கத்தில் நிற்கும்போது ஜெயித்த 577 அது.

அந்தக் காரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாதமே அங்கேதான் இருக்கிறது. ஸ்பிரிண்ட் கார் ஓட்டுநரோடு சேர்த்து சுமார் 635 கிலோ. நம்ம ஊர் மாருதி 800 மாதிரியான எடை. அதில் 900 குதிரைசக்தி அளவுக்கு எஞ்சின், மெத்தனாலில் ஓடுவது. ஸ்டார்ட்டர் கிடையாது, கிளட்ச் கிடையாது, பின்னால் ஒரு வண்டி முட்டித் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். தலைக்கு மேல் கூரை மாதிரி ஒரு பெரிய இறக்கை. ஓடுவது அரை மைல் மண் வளையத்தில். இடது பக்கம் திரும்ப ஸ்டியரிங்கை வலது பக்கம் ஒடித்து, காரைப் பக்கவாட்டில் வழுக்க விட்டே வளைவு முழுக்கப் போக வேண்டும். மண் சாயங்காலம் ஈரமாக இருக்கும், ராத்திரி காய்ந்து வழவழவென்று ஆகிவிடும். ஒரே ராத்திரியில் பாதை ஆளை மாற்றிவிடும்.

நாஸ்கார் கார் 1,500 கிலோவுக்கு மேல். தார் ரோடு, 400, 500 மைல், நடுவில் டயர் மாற்ற, பெட்ரோல் போட நிறுத்தம். இரண்டும் வட்டமாகச் சுற்றுவதால் ஒரே வேலை என்று நினைப்பவர்கள், இரண்டிலும் பணம் இருப்பதால் கடன் பிரிவும் ட்ரெஷரியும் ஒன்றுதான் என்பார்கள் போல!

சரி, நேர்மையாகச் சொல்கிறேன். அவர் நாஸ்காருக்குப் போனார், தோற்றார். மறைப்பதற்கில்லை. 1994-ல் பல பந்தயங்களின் ஆட்களை ஒரே மாதிரி கார்களில் ஓட வைக்கும் ஐராக் போட்டியில், நாஸ்காரின் பெரிய மைதானமான டாலடேகாவிலேயே ஜெயித்தார். அதற்கடுத்த வருடம் கென்னி பெர்ன்ஸ்டைன் தன் நாஸ்கார் அணியில் முழு சீசனுக்கு எடுத்தார். 40 வயது. அஞ்சு ரேஸ். சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. அனுப்பிவிட்டார்கள். வங்கியில் புதிதாகச் சேரும் பையனுக்கே 2 வருடம் ப்ரொபேஷன் தருகிறோம் ஐயா!

அதே 1995-ல் நாஸ்கார் சாம்பியன் ஜெஃப் கார்டன். அவரும் சிறுவயதில் ஸ்பிரிண்ட் கார் ஓட்டியவர்தான். ஆகவே மண்ணிலிருந்து வந்தவனால் முடியாது என்றும் இல்லை. போகிறவன் போகட்டும், ஜெயிக்கட்டும், எனக்கு அதில் ஒரு வருத்தமும் கிடையாது. கோபம் எங்கே என்றால், போய்த் திரும்பிய ஒருவனின் 577-ஐ அழித்துவிட்டு அந்த 5-ஐ மட்டும் பேலன்ஸ் ஷீட்டில் எழுதுகிறோமே, அங்கே. எந்த ஆடிட்டர் இதில் கையெழுத்துப் போடுவார்?

இன்னொன்று. யார் மேலே, யார் கீழே என்று அந்த ஊர்க்காரர்களே இப்படிப் பார்க்கவில்லை. மூன்று தடவை நாஸ்கார் சாம்பியனான டோனி ஸ்டீவர்ட் பின்னாளில் தன் ஸ்பிரிண்ட் கார் அணியில் கின்சரை ஓட வைத்தார். கைல் லார்சன் 2021-ல் நாஸ்கார் சாம்பியன். அதே வருடம் ஆகஸ்டில் நாக்ஸ்வில் போய் மண்ணில் புரண்டு அந்தக் கோப்பையையும் வாங்கினார். இலுப்பைப்பூ பொறுக்க சர்க்கரை ஆலைக்காரரே வருவாரா என்ன?

இந்தப் பழமொழி ஏன் எனக்கு இவ்வளவு சுருக்கென்று தைத்தது என்று கேட்கலாம். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தேன். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அது போக, எனக்குச் சிறுதொழில் கடன் பார்க்கிற வேலை பிடிக்கும். பட்டறைக்குப் போய், லேத் ஓடுகிறதா, ஸ்டாக் இருக்கிறதா என்று பார்த்துக் கடன் கொடுப்பது எனக்கு நன்றாக வரும். உறவுக்காரர் ஒருவர் போனில் சொன்ன வாசகம் அன்றைக்கும் இதே ஆலை, இதே இலுப்பைப்பூ.

நாம் எல்லோருமே ஊரைவிட்டு வந்தவர்கள். கும்பகோணத்துக்கு சென்னை மேல், சென்னைக்கு மும்பை மேல், மும்பைக்கு அமெரிக்கா மேல் என்று ஒரு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டே வந்துவிட்டோம். பார்க்கிற சுவரில் எல்லாம் அதைச் சாத்தி வைத்து, இவன் எத்தனாவது படி என்று எண்ணுகிறோம். ப்ளூமிங்டன்காரன் சுவரில் சாத்த நமக்கு என்ன உரிமை?

1995-ல் நாஸ்கார்காரர்கள் அனுப்பிய பிறகு கின்சர் என்ன செய்தார் என்பதை அந்த மச்சினர் சொல்லவில்லை. தெரியாதோ என்னவோ. திரும்ப மண்ணுக்கு வந்தார். அதே வருடம் ஆகஸ்டில் நாக்ஸ்வில் நேஷனல்ஸ் ஜெயித்தார். அது 11-ஆவது. அதற்கப்புறம் 1998 முதல் 2005 வரை அவுட்லாஸ் பட்டம் மட்டும் இன்னும் ஆறு.

இதையெல்லாம் வீட்டுக்கு வந்து ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி துணி மடித்துக்கொண்டே கேட்டாள்: "அதெல்லாம் சரி, நேத்து ராத்திரி பொண்ணுகிட்ட, இந்த வேலையிலேயே இருந்தா அடுத்தது என்னன்னு அரை மணி நேரம் பேசினது யாரு?"

இன்னும் பதில் சொல்லவில்லை.