கீரையும் மாத்திரையும்

சருமத்தில் உண்டாகும் புற்றுநோய்க்கும் நாம் உண்ணும் ஆகாரத்துக்கும் சம்பந்தம் உண்டா? வெயில்தானே அந்நோய்க்குக் காரணம், வெயிலை யாராவது உண்கிறார்களா என்று நேயர்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. சூரியனுடைய புற ஊதாக் கதிர்கள் சருமத்தின் உயிரணுக்களிலுள்ள மரபுப் பொருளைச் சிதைக்கின்றன; அச்சிதைவைச் செப்பனிட உடல் தவறுமிடத்தில் புற்று தலைகாட்டுகிறது. ஆனால் செப்பனிடும் வேலைக்குச் சரக்கு வேண்டாமா? அச்சரக்கு அடுக்களையிலிருந்துதானே வர வேண்டும்? இவ்வாறு யோசித்துத்தான் ஆராய்ச்சியாளர்கள் ஆகாரத்தின் பக்கம் திரும்பினார்கள்.

இதைச் சோதித்தறிய ஆஸ்திரேலியாவைப் போன்ற தேசம் வேறில்லை. இங்கிலாந்தின் மேகத்துக்குப் பழகிய வெண்சருமத்தோடு கொளுத்தும் வெயிலில் குடியேறியவர்களின் சந்ததியார் அங்கே மிகுதி. குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் நம்பூர் என்று ஓர் ஊர். (பெயரைக் கேட்டால் நம் ஊர் போலவே இல்லையா?) அவ்வூர்வாசிகள் 1621 பேரைக் கொண்டு 1992 முதல் 1996 வரை ஒரு பரீக்ஷை நடந்தது. காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் என்ற சத்தைத் தினம் 30 மில்லிகிராம் மாத்திரையாகச் சிலர் விழுங்கினார்கள். சிலருக்குச் சத்தில்லாத போலி மாத்திரை. இரு சாராரிலும் பாதிப்பேர் முகம், கழுத்து, கைகளில் வெயில் தடுக்கும் களிம்பைத் தவறாமல் பூசிக்கொண்டார்கள். மற்றவர்கள் தங்கள் இஷ்டம்போல் இருந்தார்கள். முடிவு என்ன? களிம்பு பூசினவர்களிடம் ஸ்குவாமஸ் என்ற வகைப் புற்று சுமார் 40 சதவிகிதம் குறைந்தது. மாத்திரையினால் ஒரு பயனும் இல்லை.

வேடிக்கை இனிமேல்தான். அதே ஊரார் உண்டதைக் குறித்து வைத்துக்கொண்டு, 2002 வரை அவர்களைக் கவனித்து வந்தார்கள். முன்பே ஒரு தடவை சருமப் புற்று கண்டவர்களில், பச்சைக் கீரைகளை மிகுதியாக உண்டவர்களுக்கு ஸ்குவாமஸ் புற்று குறைவாகவும், மாமிசமும் கொழுப்பும் நிறைந்த ஆகாரத்தாருக்கு அதிகமாகவும் காணப்பட்டது. இதனால் கீரையின் மகிமை நிரூபணமாகிவிட்டது என்று நாம் கூறமாட்டோம். கீரை உண்பவர் தொப்பியும் அணிகிறவராயிருக்கலாம். ஆயினும், காசு கொடுத்து எதை வாங்குவது என்று கேட்டால் கீரைக்கட்டையே காட்டுவோம். கொழுப்பைக் குறைத்தவர்களுக்குப் புற்றின் முன்னறிகுறியான சொரசொரப்புத் திட்டுகள் குறைந்தன என்று 1994-ல் அமெரிக்காவிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. ஆனால் அதில் பங்கு கொண்டவர்கள் 76 பேரே.

மாத்திரையால் பயனில்லாமற் போவது ஒன்று. தீமை விளைவது மற்றொன்று. அமெரிக்காவில் சருமப் புற்று கண்டவர்கள் 1312 பேரை வைத்துச் செலீனியம் என்ற தாதுவைப் பரீக்ஷித்தார்கள். சருமத்தைக் காக்கும் என்று நம்பிக் கொடுத்த அது, ஸ்குவாமஸ் புற்றைச் சுமார் 25 சதவிகிதம் அதிகப்படுத்தியது என்று 2003-ல் தெரிய வந்தது.

ஒரே ஒரு மாத்திரை மட்டும் ஓரளவு பெயர் வாங்கியிருக்கிறது. அது பி3 வைட்டமினின் ஒரு வடிவமான நிகோடினமைடு. 2015-ல் ஸிட்னி வைத்தியர்கள் வெளியிட்ட பரீக்ஷையில், அடிக்கடி சருமப் புற்று கண்ட 386 பேரில் இதை உண்டவர்களுக்குப் புதிய புற்றுகள் 23 சதவிகிதம் குறைந்தன. வெயில் பட்ட உயிரணு செப்பனிடும் சக்தியை இழக்காமல் அது காக்கிறதாம். நிறுத்தியதும் பலனும் நின்றுவிட்டது. அன்றியும் அவர்கள் உண்ட அளவு தினம் 1000 மில்லிகிராம். மனிதருக்குத் தினசரி வேண்டியதோ 15 மில்லிகிராம் அளவே. இதை ஆகாரம் என்று சொல்வது தகாது. மருந்து என்றே கொண்டு வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

நிற்க. நமது கருஞ்சருமத்துக்கு வெயிலால் வரும் புற்று அபூர்வம். ஆனால் வாய் வழியே வரும் சருமப் புற்று ஒன்று நம் தேசத்திலேயே இருக்கிறது. மேற்கு வங்காளத்தில் உள்ளங்கையும் உள்ளங்காலும் தடித்து, உடம்பில் புள்ளி விழுந்த கிராமவாசிகளை 1983-ல் கல்கத்தா வைத்தியர் கே. ஸி. ஸாஹா கண்டறிந்தார். காரணம், குழாய்க் கிணற்று நீரில் கலந்திருந்த ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம். பல வருஷம் அந்நீரைக் குடித்தவர்களுக்கு, வெயிலே படாத இடங்களிலும் புற்று தோன்றும். குளத்து நீரின் பேதிக்கு அஞ்சித் தோண்டிய கிணறுகளில் இப்படி ஒரு விஷம் இருந்தது!

லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அதற்கு நிறமில்லை, ருசியில்லை. கொதிக்க வைத்தால் கிருமி சாகுமே தவிரப் பாஷாணம் போகாது, நீர் சுண்டச் சுண்ட அது செறியவே செய்யும். நெற்பயிரும் அதை உறிஞ்சுகிறது. சுத்தமான நீரை நிறைய வைத்து வடித்த சோற்றில் அரிசியிலுள்ள பாஷாணத்தில் ஒரு பங்கு கஞ்சியோடு போய்விடும். உலை வைப்பதே அந்தக் கிணற்று நீரில் என்றால், வடித்தும் பயனில்லை.