டிசம்பர் பூ செய்த குற்றம்

தான் பூக்கும் மாதத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட பூ ஒன்று நம்மிடையே இருக்கிறது. டிசம்பர் பூ. ஊதாவாகவும் வெள்ளையாகவும் ரோஜா நிறமாகவும், சில வேலிகளில் வெள்ளையில் ஊதாக் கோடு போட்டும், மழை ஓய்ந்த கையோடு பூக்க ஆரம்பித்துத் தை வரையில் பூத்துக் கொட்டும். உரம் கேட்காது, மருந்து கேட்காது. கிணற்றடியில் கொட்டுகிற தண்ணீரைக் குடித்துவிட்டு நிற்கும். இவ்வளவு மரியாதையாக, வரப்போகும் காலத்தைப் பெயரிலேயே சொல்லிக்கொண்டு வருகிற பூவை, அந்தக் காலத்தில்தான் நம் வீடுகளில் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நமக்கு வேண்டியது மல்லிகை. மார்கழிக் குளிரிலும் தைப் பனியிலும் மல்லிகை!

இதைப் பெண்கள் தலையில் போட்டுவிட்டு நான் நழுவப் போவதில்லை. "நாலு பேர் என்ன சொல்லுவார்கள்?" என்று முதலில் கேட்கிறவர்கள் பெரும்பாலும் மீசை வைத்தவர்கள்தாம்.

மல்லிகை கோடைக்குச் சொந்தமான பூ. பங்குனியில் கிளம்பி ஆனி வரையில் அதன் ராஜ்யம். கார்த்திகை வாக்கில் செடியைத் தரையிலிருந்து அரை மீட்டர் விட்டுக் கவாத்து செய்ய வேண்டும் என்பது விவசாயக் கல்லூரிக்காரர்கள் சொல்லும் முறை. அப்படி வெட்டுப்பட்டு உறங்குகிற செடியைத் தட்டி எழுப்பிப் பூ கேட்டால் அது எங்கே போகும்? பனியில் மொட்டு சிறுத்துவிடுகிறது. வரத்து விழுகிறது. மதுரை மாட்டுத்தாவணியில் மல்லிகை கிலோ 3,000 ரூபாயைத் தாண்டிவிட்டது என்று செய்தி வராத குளிர்காலம் இப்போது அபூர்வம். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லிக்கு இதுவும் ஒரு பெருமை என்று நினைக்கிற புண்ணியவான்களும் உண்டு.

"விலை ஏறினால் விவசாயிக்கு நல்லதுதானே, ஐயா?" என்று ஒரு கேள்வி வரும். நல்ல கேள்விதான். ஆனால் செடியில் பூ இல்லாததால் அல்லவா அந்த விலை? ஒரு கைப்பிடி மொட்டை விற்று அவன் எந்தக் கடனை அடைப்பது? கூடை கூடையாய் அவன் கொண்டுவருகிற சித்திரை, வைகாசியில், முகூர்த்தம் இல்லாத நாளாகப் பார்த்து, அதே பூ கிலோ 300க்கும் கீழே விழுந்து கிடக்கிறது. விடியுமுன் எழுந்து பறித்தவர்களின் கூலிக்கே கட்டாமல், மிச்சமெல்லாம் சென்ட் தொழிற்சாலைக்கு, அவர்கள் சொன்ன விலைக்குப் போகிறது. அந்த நாட்களில் நாம் எங்கே இருக்கிறோம்? தெருவில் வரும் பூக்காரியிடம், "இன்னும் ஒரு விரற்கடை கூடப் போடேன்" என்று பேரம் பேசிக்கொண்டிருக்கிறோம்! அவன் தவிக்கும்போது ஒரு முழம் வாங்காதவர்கள், செடி தவிக்கும்போது ஆளுக்கு ஐந்து முழம் கேட்கிறோம்.

சென்ற தையில் நண்பர் ஒருவர் வீட்டில் நிச்சயதார்த்தம். அவர் ஓர் அச்சகத்தில் கணக்கெழுதுகிறவர். அவர் மனைவி முதல் நாள் இரவே உட்கார்ந்து, டிசம்பர் பூவை மரிக்கொழுந்து வைத்து நெருக்கமாகக் கட்டி, தட்டு நிறைய அடுக்கியிருந்தார். நான் பார்த்தேன், பார்க்கப் பார்க்கக் கண் குளிர்ந்தது. பிள்ளை வீட்டார் வந்தார்கள். பிள்ளைக்கு அத்தை முறை ஒருவர் தட்டைப் பார்த்துவிட்டு, "பூ இன்னும் வரவில்லையா, சம்பந்தியம்மா?" என்றார்.

"இதுதான் பூ. எடுத்துக்கொள்ளுங்கள்."

"இதுவா? எங்கள் வீட்டில் வேலை செய்கிறவள் வைத்துக்கொண்டு வருவாளே!"

அவ்வளவுதான். நண்பர் சட்டையை மாட்டிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போனார். முக்கால் மணி நேரம் கழித்து வாழை இலைப் பொட்டலத்தோடு வந்தார். என்ன விலை என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கிற முகமாக அது இல்லை.

மணம் இல்லாத பூ என்பதுதான் டிசம்பர் பூவின் மேல் சாட்டும் குற்றம். நான் கேட்கிறேன்: கனகாம்பரத்துக்கு மணம் இருக்கிறதா? அதை மட்டும் மல்லிகையோடு சேர்த்துத் தொடுத்துச் சுபகாரியங்களில் வைத்துக்கொள்ளவில்லையா? அந்த அத்தையம்மாள் உண்மையில் சொன்ன குற்றம் வேறு. காசு கொடுக்காமல் கிடைக்கிறது, ஏழை வைத்துக்கொள்கிறாள். மூக்கைக் காரணம் காட்டி அந்தஸ்து பேசுகிறது!

அந்த அந்தஸ்துதான் வாசலுக்கும் வந்துவிட்டது. மார்கழியில் கோலத்தின் நடுவே சாணத்தில் பூசணிப் பூ செருகுகிற வழக்கத்தில் எவ்வளவு புத்திசாலித்தனம் என்று யோசித்துப் பாருங்கள். பூசணிக் கொடியில் ஆண் பூக்கள் ஏராளம். அவை காய்க்கப் போவதில்லை. நாலைந்தை விட்டுவிட்டு மற்றதைப் பறித்தால் யாருக்கும் நஷ்டமில்லை. உச்சிவேளைக்குள் எப்படியும் வாடப்போகிற பூ, காலையில் தெருவையே பொன்னாக்கிவிட்டுப் போகிறது. கொங்கு நாட்டில் பொங்கலுக்கு முந்தின நாள் பூளைப்பூவும் ஆவாரம்பூவும் வேப்பிலையும் சேர்த்து வீட்டு இறவாணத்தில் காப்புக் கட்டுகிறார்கள். மூன்றும் காட்டிலும் மேட்டிலும் தானாக வளர்பவை. அவற்றைப் பறித்துக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து விற்கிற கிழவிக்கு அன்றைக்குக் கையில் நாலு காசு. இன்று பல வீடுகளின் நிலைப்படியில் பிளாஸ்டிக் சாமந்தி தொங்குகிறது. சித்திரையிலும் அதே சாமந்தி. தையிலும் அதே சாமந்தி. வாடாதாம்! வாடாதுதான். ஒட்டடைக் கோலால் தட்டி வைத்தால் பேரப்பிள்ளை கல்யாணத்துக்கும் ஆகும். சித்திரைக்கு வேப்பம்பூவும் கொன்றையும் இருக்க, மழைக்காலத்துக்குத் தாழம்பூ இருக்க, எந்த மாதம் என்றே தெரியாத வாசலில் என்ன பண்டிகை வந்து இறங்கும்?

பரிசுப் பூங்கொத்தைப் பற்றி அதிகம் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடில்களில் ரோஜாவும் ஜெர்பெராவும் வளர்த்து, பிப்ரவரி 14க்கு வெளிநாடு வரையில் அனுப்புகிறார்கள். அது அவர்கள் பிழைப்பு, நன்றாக நடக்கட்டும். என் சண்டை அதைச் சலசலக்கும் கண்ணாடித்தாளில் சுற்றி, மினுக்குத் தூளைத் தூவி, ஜனவரி முதல் தேதி நம் கையில் திணிக்கிறவர்களோடுதான். அதை முகர முடியாது. தலையில் வைக்க முடியாது. சாமிக்கும் போட முடியாது. காகிதத்தைப் பிரித்தால் பாதி எடை கம்பியும் குச்சியும்.

புத்தாண்டுக்கு என்னைப் பார்க்க வருகிறவர்கள், வருகிற வழியில் எந்த வேலியில் என்ன பூத்திருக்கிறதோ, வேலிக்காரரைக் கேட்டுக்கொண்டு அதில் ஒரு கை கொண்டுவரட்டும். திரும்பிப் போகும்போது எங்கள் கிணற்றடி டிசம்பர் செடியில் ஒரு கிளை ஒடித்துத் தருகிறேன். ஈர மண்ணில் நட்டால் பிடித்துக்கொள்ளும்.