நூலக வரி கட்டுறோம், சாவி யார்கிட்ட இருக்கு?



வீட்டு வரி கட்டின ரசீது வீட்டுல எங்கேயாவது இருக்கும். ரேஷன் கார்டு வச்சிருக்கிற பிளாஸ்டிக் கவருக்குள்ள தேடிப் பாருங்க. வீட்டு வரியோடு சேர்த்து இன்னொரு சின்னத் தொகை போட்டிருக்கும். அதுக்குப் பேர் நூலக வரி. வீட்டு வரியில் ரூபாய்க்கு 10 பைசா. 300 ரூபாய் வீட்டு வரி கட்டுற குடும்பம் நூலகத்துக்குன்னு தனியா 30 ரூபாய் கட்டுது. ராஜகுளத்தில் ஓட்டு வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார், மாடி வீட்டில் இருப்பவரும் கட்டுகிறார். எழுதப் படிக்கத் தெரியாத நம்ம பாட்டியும் கட்டுறாங்க.

இது நேத்து வந்த வரி இல்லை. 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தபோதே வந்தது. விகிதம்தான் பின்னால் கூடியது. விடுதலை பெற்ற இந்தியாவில் நூலகத்துக்கென்று முதலில் சட்டம் போட்டது நம்ம மாகாணம். சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன் பல வருஷம் எழுதி, பேசி, அலைந்து வர வைத்த சட்டம். படிப்பு காசு உள்ளவன் வீட்டு அலமாரிக்குள்ள அடங்கிடக் கூடாது, எல்லாரும் சேர்ந்து பணம் போட்டு எல்லாருக்கும் பொதுவா வைக்கணும்கிறதுதான் அதோட அடிப்படை.

சரி, நம்ம 30 ரூபாய் எங்கே போகுது? ஊராட்சி அதை வசூல் பண்ணி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குக் கட்டணும். அந்தப் பணத்தை வச்சுத்தான் நூலகத் துறையோட நூலகங்கள் நடக்கின்றன. காஞ்சிபுரத்தில் மாவட்ட மைய நூலகம், உத்திரமேரூர் மாதிரி ஊர்களில் கிளை நூலகம், இப்படி தமிழ்நாடு முழுக்க 4,600-க்கும் மேல். (வசூலித்த வரியை ஆணைக்குழுவுக்குக் கட்டாமல் உள்ளாட்சிகள் பாக்கி வைக்கிற செய்தியும் அடிக்கடி வருது. அது தனிக் கதை.)

ஆனா ஊராட்சிக்குன்னு ஊருக்குள்ள நிற்கிற சின்ன நூலகக் கட்டடம் இந்தக் கணக்கில் வராது. அது 2006-க்கும் 2011-க்கும் இடையில் அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் கட்டினது. அன்றைக்கு இருந்த 12,600-க்கும் மேற்பட்ட ஊராட்சிகளுக்கும் ஆளுக்கொரு நூலகம், ஒரு விளையாட்டு மைதானம்னு போட்ட திட்டம். அலமாரி வந்தது, புத்தகமும் வந்தது. பார்த்துக்கிற ஆளுக்கு மட்டும் மிகச் சொற்ப மதிப்பூதியம், அதுவும் ஊராட்சி நிதியிலிருந்து. அந்தக் காசுக்கு யாரு எத்தனை நாள் வந்து உட்காருவாங்க? ஆள் நின்னதும் கதவு பூட்டியாச்சு. பல ஊர்களில் அது பிளீச்சிங் பவுடர் மூட்டையும் தெருவிளக்குச் சாமானும் போட்டு வைக்கிற அறை.

யார் ஆட்சியில் கட்டினது, யார் ஆட்சியில் பூட்டினதுன்னு இந்தப் பக்கத்தில் ஒரு வாரம் சண்டை போடலாம். போட்டா பூட்டு திறக்காது. இடையில் சில ஊர்களில் பழுது பார்த்துத் திறந்திருக்காங்க, நல்லது. மத்த ஊர்களைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

"இந்தக் காலத்துல யாருங்க புத்தகம் படிக்கிறா, எல்லாம் போன்லயே இருக்கே" என்று நம்ம தோழர்களே கேட்பாங்க. குரூப் 4 எழுதுற ஒரு பொண்ணைக் கேட்டுப் பாருங்க. அந்தத் தேர்வு பத்தாம் வகுப்புத் தரம். அதுக்குத் தயாராகிறவங்க ஆறாம் வகுப்பிலிருந்து பள்ளிப் பாடப்புத்தகத்தைப் புரட்டியே ஆகணும். அந்தப் புத்தகம் பி.டி.எஃப்-ஆக இலவசமா கிடைக்குது, உண்மைதான். ஆனா வீட்டில் இருக்கிறது ஒரே ஒரு நல்ல போன். அது அண்ணனோட ஒரகடம் ஷிஃப்டுக்குப் போயிடுது. திரும்பி வந்த பிறகு, உள்ளங்கை அளவு திரையில் வரலாற்றுப் பாடத்தைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் படிக்கணும். ஜெராக்ஸ் எடுத்தா ஒரு வகுப்புப் புத்தகத்துக்கே எவ்வளவு ஆகும்னு நீங்களே கணக்குப் போடுங்க.

அதே புத்தகம் நம்ம ஊரிலேயே இருக்கு. அரசு விலையில்லாமல் கொடுத்த புத்தகம். வருஷா வருஷம் பரீட்சை முடிஞ்சதும் கட்டுக் கட்டா பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போகுது. நாலு தெரு தள்ளி ஒருத்தி அதைத் தேடி காஞ்சிபுரத்துக்கு பஸ் ஏறுறா. கொடுக்க ஆள் இருக்கு, வாங்க ஆள் இருக்கு, நடுவில் வைக்க ஒரு இடம்தான் இல்லை. இல்லைன்னு சொல்றதும் தப்பு. இருக்கு, பூட்டியிருக்கு.

நூலகம்னா கதைப் புத்தகமும் வாரப் பத்திரிகையும் மட்டும்னு நினைச்சுக்க வேண்டாம். பழைய வினாத்தாள் அங்கே இருக்கலாம். முதியோர் உதவித்தொகைக்கு என்னென்ன சான்று வேணும், நெல் கொள்முதல் நிலையத்துக்கு எதையெல்லாம் கொண்டு போகணும்னு கொட்டை எழுத்தில் எழுதி சுவரில் ஒட்டி வைக்கலாம். ஒரு கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தா பட்டா, சிட்டாவை அரசு இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இன்னைக்கு அதைப் பார்க்கவே பிரவுசிங் சென்டரில் காசு கொடுக்கிறோம், பஸ் காசு தனி.

அமெரிக்காவில் பெர்க்லி என்கிற ஊரின் பொது நூலகம் 1979-லிருந்து ரம்பம், துளை போடுற மிஷின், ஏணி எல்லாத்தையும் புத்தகம் மாதிரியே இரவல் கொடுக்குது. நமக்கு அவ்வளவு தூரம் கூட வேண்டாம். ஒரு வீல் சேர், ஒரு வாக்கர், மருந்து தெளிக்கிற ஸ்பிரேயர் ரெண்டு. இடுப்பு எலும்பு முறிஞ்ச அப்பாவுக்கு ஒரு வீட்டில் வீல் சேர் வாங்குறாங்க. ஆறு மாசத்தில் தேவை முடிஞ்சு அது பரணில் ஏறிடுது. அடுத்த தெருவில் இன்னொருத்தர் அதை வாங்க முடியாம கட்டிலிலேயே கிடக்கிறார். அவருக்குத் தேவை இருக்குன்னு இவங்களுக்குத் தெரியாது, இவங்க பரணில் இருக்குன்னு அவருக்கும் தெரியாது.

பகிர்ந்துக்கிறது நமக்குப் புதுசில்லை. கல்யாணத்துக்கும் காரியத்துக்கும் அண்டா, குண்டான், ஜமக்காளம் எல்லாம் பொதுவில் வாங்கி வச்சு எடுத்துக் கொடுக்கிற வழக்கம் ஊருக்கு ஊர் உண்டு. ஆனா ஒண்ணை வெளிப்படையா பேசணும். ஊர்ப் பொதுன்னு சொல்ற பல சாமான் ஒரு தெருவுக்குத்தான் பொது, ஒரு சாதிக்குத்தான் பொது. காலனியிலிருந்து ஒருத்தர் வந்து அந்த அண்டாவைக் கேட்க முடியுமா? பல ஊர்களில் முடியாது. முடியாதுன்னு தெரிஞ்சதால கேட்கவும் மாட்டாங்க. ஊராட்சி நூலகம் அப்படியில்லை. அரசுப் பணத்தில் கட்டி, ஊராட்சி பேரில் இருக்கிற இடம். உள்ளே வர்றவரை நீ எந்தத் தெருன்னு கேட்கிற உரிமை யாருக்கும் கிடையாது. அங்கே வைக்கிற வீல் சேர்தான் நிஜமான ஊர்ப் பொது. கோயில் மண்டபத்திலோ நம்ம கட்சிக்காரர் வீட்டுத் திண்ணையிலோ வேண்டாம், நூலகத்தில்தான் நடக்கணும்னு நாம பிடிவாதம் பிடிக்கிறது இதனாலதான்.

உத்திரமேரூர் நமக்குப் பக்கம். குடவோலைக் கல்வெட்டைக் காட்டி வீடியோ போடாத கட்சி இல்லை. முதலாம் பராந்தக சோழன் காலத்தது, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. அதில் குடத்தைத்தான் எல்லாரும் பேசுறாங்க. ஏரியைப் பார்த்துக்க ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம்னு பொதுச் சொத்துக்குப் பொறுப்பாளிகளை வருஷா வருஷம் மாத்தினதும் அதில் இருக்கு. கணக்குக் காட்டாதவன் மட்டுமில்லை, அவனோட சொந்தக்காரனும் வாரியத்துக்கு வர முடியாதுன்னு இருக்கு. அதே கல்வெட்டில் கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் உள்ளவன்தான் தகுதியானவன்னும் வெட்டியிருக்கு. நம்ம பூட்டன் பேர் அந்த ஓலையில் ஏறியிருக்காது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்லிட்டு, கணக்குக் காட்டுற விதியை மட்டும் இன்னைக்கு எடுத்துக்கலாம்.

நம்ம தாத்தா காலத்து அரசியல் படிப்பகத்தில் வளர்ந்தது. திராவிட இயக்கமும் சரி, பொதுவுடைமை இயக்கமும் சரி. ஒருத்தர் பத்திரிகையைச் சத்தமா வாசிப்பார், சுத்தி உட்கார்ந்து பத்துப் பேர் கேட்பாங்க. 1942-ல் அண்ணா 'திராவிட நாடு' இதழைத் தொடங்கினது இதே காஞ்சிபுரத்தில். எழுத்துத் தெரியாதவங்க காதுக்கும் இப்படிப்பட்ட இதழ்கள் போய்ச் சேர்ந்தது இந்த வாசிப்பு வழியாத்தான். அதுக்கும் முன்னாடி 1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏத்தி கிராமம் கிராமமா அனுப்பினார். யாழ்ப்பாணத்தில் 1933-ல் கே.எம்.செல்லப்பா தன் வீட்டிலேயே வச்சுப் புத்தகம் இரவல் கொடுக்க ஆரம்பிச்சார். அதுதான் வளர்ந்து யாழ்ப்பாணப் பொது நூலகம் ஆச்சு. 1981-ல் அதைக் கொளுத்தினது நம்ம எல்லாருக்கும் தெரியும். ஒருத்தர் வீட்டில் ஆரம்பிச்சதுன்னு பல பேருக்குத் தெரியாது.

பக்கத்துக் கர்நாடகத்தில் 2019-ல் கிராம ஊராட்சி நூலகங்களை, 5,600-க்கும் மேல், ஊரக வளர்ச்சித் துறை பொறுப்பில் கொண்டு வந்தாங்க. அடுத்த வருஷம் 'ஓதுவ பெளகு'ன்னு ஒரு திட்டம் போட்டு ஊர்ப் பிள்ளைகளை இலவசமா உறுப்பினர் ஆக்கினாங்க. படிப்படியா கம்ப்யூட்டரும் வந்தது. நம்ம ஊராட்சி நூலகமும் இங்கே அதே துறையிலதான் இருக்கு. அங்கே நடந்தது இங்கே நடக்கலைன்னா காரணம் கட்டடம் இல்லை.

நம்ம கோரிக்கை இதுதான். வசூலாகிற நூலக வரியில் ஒரு பங்கு அந்தந்த ஊராட்சி நூலகத்துக்குத் திரும்பி வரணும். அதுக்காகத் துறை நூலகங்களோட வயித்தில் அடிக்கக் கூடாது. அங்கேயும் ஆள் பற்றாக்குறை இருக்கு. குறையுற தொகையை அரசு மானியமா ஈடு கட்டணும். பார்த்துக்கிற ஆளுக்கு மரியாதையான சம்பளம் வேணும். சாயங்காலம் அஞ்சிலிருந்து எட்டு வரைக்கும் திறந்திருக்கணும். காலையில் திறந்து மதியம் மூடினா பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் பிரயோஜனம் இல்லை, கம்பெனி வேலைக்குப் போறவங்களுக்கும் இல்லை. வாசலில் ஒரு நல்ல விளக்கு வேணும். இருட்டில் பொண்ணுங்க வர மாட்டாங்க.

கிராம சபை வருஷத்துக்கு ஆறு தடவை நடக்குது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்தது எதுவோ அதுக்குப் போங்க. போன வருஷம் நூலக வரி எவ்வளவு வசூலாச்சு, அதில் எவ்வளவு ஆணைக்குழுவுக்குக் கட்டினாங்கன்னு எழுந்து கேளுங்க. நூலகத்தைத் திறக்கத் தீர்மானம் எழுதச் சொல்லுங்க. பேசினதோட உட்கார்ந்துடாதீங்க, தீர்மானப் புத்தகத்தில் ஏறிச்சான்னு பார்த்துட்டு வாங்க.

திறந்த அன்னைக்கு வெறுங்கையோட போக வேண்டாம். வீட்டில் இருக்கிற பழைய பாடப்புத்தகம், பரணில் கிடக்கிற வாக்கர், எது இருந்தாலும் கொண்டு போங்க. ஒரு நோட்டுப் போட்டு யார் கொடுத்தது, யார் எடுத்தது, எப்போ திரும்ப வந்ததுன்னு எழுதுங்க. அந்த நோட்டு யார் கேட்டாலும் பார்க்கிற மாதிரி மேஜை மேலேயே இருக்கட்டும்.

நிர்வாகிகளுக்கு ஒரு வார்த்தை: நம்ம கொடி, நம்ம தலைவர் படம், 'உபயம்'னு போட்ட ஸ்டிக்கர் எதுவும் அந்தச் சுவரில் ஏறக் கூடாது. ஏறினா மத்த கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளை வாசப்படி மிதிக்காது. அடுத்த தேர்தலுக்கு அப்புறம் வேற பூட்டு விழும்.

உங்க ஊராட்சி நூலகம் இப்போ எந்த நிலையில் இருக்கு, சாவி யார்கிட்ட இருக்குன்னு ஊர்ப் பேரோட கீழே எழுதுங்க. திறந்து நல்லா நடக்கிற ஊர்க்காரங்க எத்தனை மணிக்குத் திறக்கிறாங்க, யார் பார்த்துக்கிறாங்கன்னும் எழுதுங்க. மத்த ஊர்த் தோழர்கள் கிராம சபையில் எடுத்துக் காட்ட உதவும்.