"என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று டாக்டர் கேட்க வேண்டும்

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற தொழிலாளி டாக்டர் முன்னால் போய் உட்கார்கிறார். "இருமல், நெஞ்சு அடைக்கிறது" என்று சொல்லி முடிப்பதற்குள் சீட்டு எழுதியாகிவிடுகிறது. என்ன வியாதி, எதனால் வந்தது, மருந்தை எத்தனை நாள் சாப்பிட வேண்டும்? எதுவும் சொல்லப்படுவதில்லை. துணிந்து கேட்டால், "டாக்டர் நீயா, நானா?" என்ற அதட்டல்தான் பதில்.

இதில் மரியாதைக் குறைவு இருக்கிறது. அதைவிடப் பெரிய ஆபத்தும் இருக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்காததால் வியாதியே தெரியாமல் போய்விடுகிறது.

பஞ்சாலையில் புளோரூமிலும் கார்டிங்கிலும் வேலை செய்வோருக்குப் பஞ்சுத் தூசியால் பைசினோசிஸ் என்ற நோய் வருகிறது. ஆரம்பத்தில், வார விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும், மறுநாள் தணியும். பிறகு எல்லா நாளும் இறுகும். முற்றிவிட்டால் நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்பாது. எக்ஸ்ரே படத்தில் இதற்கென்று தனி அடையாளம் இல்லை. தொழிலாளியின் வாயைக் கேட்டுத்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும்.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், பட்டியலில் கண்ட தொழில்நோயுடன் வருபவரைப் பற்றித் தலைமை ஆய்வாளருக்கு எழுதி அனுப்பும் கடமையை டாக்டர் மீது வைத்தது. அந்தப் பட்டியலில் பைசினோசிஸும் சேர்ந்தது. என்ன வேலை என்றே கேட்காத டாக்டர் எதை எழுதி அனுப்புவார்? வியாதி "ஆஸ்துமா" என்று சீட்டில் ஏறுகிறது, தொழிலாளியின் நஷ்ட ஈடு காற்றில் போகிறது, முதலாளிக்குத்தான் லாபம்!

விவசாயத் தொழிலாளியின் கதையும் இதுதான். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில், காலில் வெட்டுக்காயத்தோடு நிற்பவருக்கு எலிக்காய்ச்சல் வருகிறது. காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவை அதன் அறிகுறிகள். ஆரம்பத்திலேயே கண்டால் மருந்தில் குணமாகும். தவறவிட்டால் சிறுநீரகமும் ஈரலும் கெட்டு உயிரே போகலாம். "வயலில் இறங்கினீர்களா?" என்று கேட்க அரை நிமிஷம் போதாதா?

இது புதிய ஞானம் அல்ல. இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி, தொழிலாளர் நோய்கள் பற்றி 1700ல் வெளியிட்ட நூலிலேயே, நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேளுங்கள் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டார்.

கேட்பது பாதி, விளக்கிச் சொல்வது மறு பாதி. காசநோய்க்குச் சாதாரணமாக 6 மாதம் மருந்து சாப்பிட வேண்டும். சில வாரங்களிலேயே இருமல் குறைந்துவிடும். "குணமான மாதிரி இருக்கும், நிறுத்திவிடாதீர்கள், நிறுத்தினால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போய்விடும்" என்று சொல்லாவிட்டால், கூலியை இழந்து ஏன் மறுபடி வர வேண்டும் என்று தொழிலாளி நினைப்பதில் என்ன தவறு? சென்னையில் ஏழை நோயாளிகளிடையே நடந்து 1959ல் வெளியான ஆராய்ச்சி, வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டாலும் சானடோரியத்தில் படுத்திருப்பவரைப் போலக் குணமடையலாம் என்று காட்டியது. ஏழைக்குச் சொன்னால் புரியாது என்ற வாதம் அன்றே பொய்த்துவிட்டது.

டாக்டர்களை மட்டும் நாம் குறை கூறவில்லை. ஒரே காலையில் நூற்றுக்கணக்கானவர்களைப் பார்க்கச் சொன்னால் அவரும் என்ன செய்வார்? போதுமான டாக்டர்களையும் நர்சுகளையும் நியமிப்பது சர்க்காரின் பொறுப்பு.

ஆகவே நாம் கோருகிறோம்: ஒவ்வொரு சீட்டிலும் நோயாளியின் தொழில் எழுதப்பட வேண்டும். வியாதியின் பெயரையும் மருந்தின் கெடுவையும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும். ஆபரேஷனுக்கு முன் விளக்கிச் சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். 2008ல் சுப்ரீம் கோர்ட்டும் இதையே வலியுறுத்தியது. "வா, போ" ஒழிய வேண்டும்.

தொழிலாளர்களும் வாய் திறக்க வேண்டும். டாக்டர் கேட்காவிட்டாலும், "நான் கார்டிங்கில் வேலை செய்கிறேன்", "நான் நடவுக்குப் போகிறவள்" என்று முதலில் சொல்லுங்கள். சங்கங்கள் இதை ஒவ்வொரு ஆலை வாசலிலும் ஒவ்வொரு சேரியிலும் எடுத்துச் சொல்ல வேண்டும். தன் உடம்பைப் பற்றிக் கேட்பதும் தெரிந்துகொள்வதும் உழைப்பாளியின் உரிமை!