வேகத்தையும் அளந்தே வாங்குவோம்

60-ஆம் நம்பர் நூல் என்று சீட்டெழுதிய சிப்பத்தைப் பிரித்து, உள்ளே 40-ஆம் நம்பர் நூல் இருக்கக் கண்டால், நம் நெசவாளி அங்கத்தினர் எவரும் வாய்மூடி இருக்கமாட்டார். உர மூட்டையில் இரண்டு கிலோ குறைந்தால், நம் விவசாயி அங்கத்தினர் அதனைச் சங்கத்தின் தராசிலேயே ஏற்றிக் காட்டி நியாயம் கேட்பார். எடையும் அளவும் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்பதற்காகவே நம் முன்னோர் சங்கம் கூட்டினர். ஆயினும் மாதந்தோறும் தவறாமல் பணம் கொடுத்து நாம் வாங்கும் ஒரு சரக்கை மட்டும் இன்றுவரை நாம் அளந்து பார்ப்பதில்லை. அச்சரக்கு இணையத்தின் வேகமே ஆகும்.

"நொடிக்கு 100 மெகாபிட் வரை" என்று விளம்பரம் கூறுகிறது. இதில் 100 என்பது பெரிய எழுத்தில் இருக்கும். "வரை" என்பது சிறிய எழுத்தில் இருக்கும். "60-ஆம் நம்பர் வரை" என்று எழுதிய நூலை நாம் கைநீட்டி வாங்குவோமா? வாங்கமாட்டோம். எத்தனையாம் நம்பர் என்று கேட்போம். முறுக்கைப் பிரித்துப் பார்ப்போம். இவ்விஷயத்திலும் அங்ஙனமே கேட்கவும் பார்க்கவும் வேண்டும் என்பதே நாம் இங்கு வற்புறுத்த விரும்புவது.

இணையம் பொழுதுபோக்கிற்கு உரியது, அதன் வேகம் பற்றிய கவலை நகரத்தாருக்கு உரியது என்று நம்மில் சிலர் இன்னும் கருதுகின்றனர். இக்கருத்து நெடுநாள் நிலைக்காது. 2016-ஆம் ஆண்டு தொடங்கிய மின்னணு தேசிய வேளாண் சந்தையில் விளைபொருளின் ஏலம் இணையத்தின் வழியே நடைபெறுகிறது. நியாயவிலைக் கடையில் கைரேகை வைத்தால், அது இணையத்தின் வழியே சென்று சரிபார்க்கப்பட்டுத் திரும்பிய பின்னரே அரிசி அளக்கப்படுகிறது. நாடெங்கும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2,516 கோடி ரூபாய் மதிப்பீட்டில் மத்திய அமைச்சரவை 2022-இல் ஒப்புதல் அளித்தது. சங்கத்தின் பேரேடே இணையத்தில் ஏறும் காலத்தில், அதன் வேகம் நமக்குத் தொடர்பற்றது என்று எவர் சொல்ல இயலும்?

நாம் அறிந்த நெசவாளி அன்பர் ஒருவர், புதிதாக நெய்த சேலையின் முந்தானையையும் கரையையும் படமெடுத்து வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவதற்காக, தறியை நிறுத்திவிட்டு ஏரிக்கரை மேட்டிற்கு நடந்து செல்வார். அவர் வீட்டில் கைபேசியில் பேச முடியும். படம் மட்டும் போகாது. அவருடைய ஊரில் "சிறந்த சேவை உண்டு" என்றே நிறுவனத்தின் ஏடு கூறுகிறது. ஏரிக்கரையில் அளந்தால் அது மெய். தறிமேடையில் அளந்தால் பொய். நடந்து போய்வரும் நேரத்திற்குக் கூலி தருவார் எவரும் இலர்.

நாட்டுக்கு நாடு, மாநிலத்திற்கு மாநிலம், வீட்டு இணைப்பின் வேகம் இவ்வளவு, கைபேசியின் வேகம் இவ்வளவு என்று ஒப்பிட்டுப் பட்டியல்கள் வெளிவருகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆயின் அவற்றைப் படிக்கும் முறை அறிந்து படித்தல் வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடுகள் உள்ளன என்று கொள்வோம். ஒன்பது வீடுகளுக்கு நொடிக்கு 5 மெகாபிட்டும், ஒரு வீட்டிற்கு 155 மெகாபிட்டும் கிடைக்கின்றன. கூட்டி வகுத்தால் சராசரி 20. அத்தெருவில் 20 பெறுபவர் ஒருவருமில்லை! வரிசைப்படுத்தி நடுவில் நிற்பவரைப் பார்த்தால் 5 என்பதே உண்மை. மாவட்டச் சராசரி என்பது நகரத்தையும் குக்கிராமத்தையும் ஒரே மரக்காலில் அளப்பது. தலைமடையில் நீர் நிரம்பி வழிவதைக் கண்டு, கடைமடையும் நனைந்தது என்று எழுதிவிடலாகாது.

வீட்டு இணைப்பும் கைபேசி இணையமும் தம்முள் வேறுபட்டவை என்பதையும் மனத்திற் கொள்ள வேண்டும். கைபேசிக் கோபுரம் ஏரியைப் போன்றது. அதிலுள்ள நீரை ஆயக்கட்டில் உள்ளோர் அனைவரும் பங்கிட்டுக்கொள்கின்றனர். இரவு எட்டு மணிக்கு ஊரார் யாவரும் கைபேசியை எடுக்கும்போது ஒவ்வொருவர் பங்கும் சுருங்குகிறது. கோபுரத்திலிருந்து விலகி நிற்பவருக்கு மேலும் குறைகிறது. தாழ்ந்த அலைவரிசை நெடுந்தூரம் செல்லும். ஆனால் கொள்ளளவு குறைவு. உயர்ந்த அலைவரிசை மிகுதியாகச் சுமக்கும். ஆனால் விரைவில் தளர்ந்துவிடும். 2022 அக்டோபரில் நம் நாட்டில் தொடங்கப்பெற்ற 5ஜி சேவை, ஊருக்கு ஊர் வெவ்வேறு முகம் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். தகரக் கூரையும் கனத்த சுவரும் அலைகளைத் தடுக்கின்றன. வயலில் நிற்கும் விவசாயிக்குக் கிடைப்பது உள்ளறையில் தறியின் முன் அமர்ந்த நெசவாளிக்குக் கிடைக்காததன் மர்மம் இதுவே. மேலும், கோபுரம் வலிமை மிக்கது. கைபேசியோ சிறிய கருவி. ஆதலின் எல்லையில் உள்ளவருக்கு முதலில் குன்றுவது, நாம் அனுப்புவதற்கான ஏற்றும் வேகமே. பிறர் அனுப்பிய படத்தைக் காண முடிகிறது, நம் படத்தை அனுப்ப முடியவில்லை என்னும் குறையின் வேர் பெரும்பாலும் இங்குதான் உள்ளது.

வீட்டிற்குக் கம்பி வழியே வரும் இணைப்பு வாய்க்காலைப் போன்றது. பழைய செம்புக் கம்பியில், தொலைபேசி நிலையத்திலிருந்து தூரம் செல்லச் செல்ல வேகம் வடிந்துவிடும். கண்ணாடி இழையில் அத்தகைய இழப்பு மிகச் சொற்பம். ஆயினும் அதுவும் முற்றிலும் தனி வாய்க்கால் அன்று. ஒரே இழை தெருவில் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கப்படுவதுண்டு. அன்றியும், இழை நன்றாயிருந்தும் வீட்டினுள் பெட்டியிலிருந்து சுவர்களைத் தாண்டி வரும் வைஃபை அலை மெலிந்துபோதல் உண்டு. அக்குறையை நிறுவனத்தின் மேல் ஏற்றுவது நீதியாகாது.

அளப்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டுமன்றோ? நம் நாட்டில் 2004-ஆம் ஆண்டுக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் இருந்தால் அதனை அகலப்பட்டை எனக் கொள்ளலாம் என்றது. 2013-இல் அது 512 ஆயிற்று. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. அமெரிக்காவிலோ 2015-இல் இறக்குவதற்கு 25, ஏற்றுவதற்கு 3 மெகாபிட் என்றிருந்த அளவுகோல், 2024 மார்ச்சில் 100-க்கு 20 என ஆக்கப்பட்டது. இரு நாடுகளின் நிலைமைகளும் வெவ்வேறு. எனினும் ஒரு வேறுபாடு கவனிக்கற்பாலது. அங்கே ஏற்றும் வேகத்திற்கும் எல்லை வகுத்துள்ளனர். நம்முடைய இலக்கணமோ இறக்கும் வேகத்தை மட்டுமே கூறுகிறது. சரக்கை வாங்குவோருக்கு இது போதும். சரக்கை விற்கும் நமக்குப் போதாது.

கைபேசியில் எடுத்த ஒரு நிமிடச் சலனப்படம் சுமார் 100 மெகாபைட் இருக்கக்கூடும். ஒரு பைட் என்பது எட்டு பிட். ஆகவே நொடிக்கு 40 மெகாபிட் வேகத்தில் அதனை அனுப்ப 20 நொடி. 2 மெகாபிட்டில் 6 நிமிடம் 40 நொடி. நாள்தோறும் தரப்படும் அளவு தீர்ந்தபின் கைபேசித் திட்டங்கள் பலவும் வேகத்தை 64 கிலோபிட்டாகக் குறைத்துவிடுகின்றன. அப்பொழுது அதே படத்திற்கு ஏறக்குறைய மூன்றரை மணி நேரம்! அரசாங்கத்தின் அளவுகோலில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே இது. சந்தாத் தொகை மட்டும் குறையக் காணோம்.

"கைபேசி இருக்கும்போது வீட்டு இணைப்பு எதற்கு?" என்று கேட்போர் பலர். நாட்டில் அகலப்பட்டைச் சந்தாதாரர் நூற்றுவரில் ஏறக்குறைய 95 பேர் கம்பியில்லா இணைப்பையே நம்பியிருப்பதால், இக்கேள்வி எழுவது இயல்பே. கைபேசியை நாம் குறைத்துப் பேசவில்லை. வயலில் நின்று மழை நிலவரமும் சந்தை விலையும் அறிவதற்கு அதனினும் ஏற்ற துணை வேறில்லை. ஆனால் ஒரே இடத்தில் அமர்ந்து நாள் முழுதும் செய்யும் தொழிலுக்கும், பிள்ளைகளின் படிப்பிற்கும், சங்க அலுவலகத்தின் கணக்கிற்கும் வேண்டுவது உச்ச வேகம் அன்று, தளராத வேகம். கைரேகை சரிபார்க்க மிகச் சிறிய வேகமே போதும். ஆனால் அது அறுந்து அறுந்து வந்தால் பயனில்லை. பாவு நூல் எவ்வளவு மெல்லியதாயினும் அறாமல் ஓடவேண்டும் என்பதை நெசவாளிக்கு நாம் சொல்லித்தர வேண்டுவதில்லை.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் எல்லைக்குட்பட்ட ஊர்களில் தானே வேகத்தை அளந்து ஒரு பதிவேடு எழுதுதல் வேண்டும். இதற்குச் செலவு ஒன்றுமில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016-இல் வெளியிட்ட மைஸ்பீட் என்னும் இலவசச் செயலி உள்ளது. எல்லோரும் ஒரே செயலியால் அளத்தல் முறை. தெருவிற்கு ஒருவராக இளைஞர் சிலர் முன்வந்து, ஒரு வாரம், காலை, நண்பகல், இரவு என மூன்று வேளையும் அளந்து எழுதட்டும். இறக்கும் வேகம், ஏற்றும் வேகம், மறுமொழி வரும் தாமதம் ஆகிய மூன்றும் எழுதப்பட வேண்டும். எந்த நிறுவனம், 4ஜியா 5ஜியா, வீட்டினுள்ளா வெளியிலா என்பனவும் உடன் குறிக்கப்பட வேண்டும். வீட்டு இணைப்பைப் பெட்டியின் அருகிலேயே வைத்து அளக்க வேண்டும். ஒருவர் தெருவில் அளந்த கைபேசி வேகத்தை, இன்னொருவர் உள்ளறையில் அளந்த வைஃபை வேகத்தோடு ஒப்பிடுவது, முழக்கோலையும் கஜக்கோலையும் கலந்து துணி கிழிப்பதற்கு ஒப்பாகும். வேகமான 5ஜியில் ஒருமுறை அளப்பதற்கே சில நூறு மெகாபைட் செலவாகலாம் என்பதையும் அளப்பவர் நினைவில் வைப்பாராக.

அப்பதிவேட்டால் விளையும் நன்மைகள் பல. எத்தெருவில் எந்நிறுவனம் நன்று என்பதை அறிந்து அங்கத்தினர் சந்தாவை மாற்றிக்கொள்ளலாம். நிறுவனங்கள் தம் சேவைப் பரப்பை வரைபடமாக வெளியிட வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024-ஆம் ஆண்டு விதிகளில் பணித்துள்ளது. அவ்வரைபடத்தை ஒரு கையிலும் நம் பதிவேட்டை மறுகையிலும் வைத்துக்கொண்டு முறையிடலாம். தனியொருவர் "மெதுவாயிருக்கிறது" என்றால் அது முணுமுணுப்பு. நாற்பது வீடுகளின் ஒரு வார அளவு சான்றாகும். 2011-இல் ஒப்புதல் பெற்றுப் பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின் நோக்கம், கிராம ஊராட்சிதோறும் கண்ணாடி இழையைக் கொண்டு சேர்ப்பது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கத் திட்டமிடப்பட்டது. இழை ஊராட்சி அலுவலகம் வந்து சேர்ந்ததா, சேர்ந்தபின் உயிரோடிருக்கிறதா, அங்கிருந்து நம் தெருவிற்கு வர என்ன தடை என்று கிராமசபையில் கேட்கும் உரிமை நமக்குண்டு. பதிவேடு இருந்தால் அக்கேள்விக்குக் கனம் உண்டாகும்.

கூட்டுறவாளருக்கு இங்கே ஒரு முன்மாதிரியை நினைவூட்டுதல் தகும். இங்கிலாந்தில் பழைய லங்காஷயர் எல்லைக்குள் அடங்கிய ராச்டேலில்தான், நெசவாளரும் பிற தொழிலாளரும் சேர்ந்து 1844-இல் தம் புகழ்பெற்ற கடையைத் திறந்தனர். கலப்பற்ற மாவும் சரியான எடையுமே அவர்களின் முதல் வேண்டுகோள். அதே லங்காஷயரின் வடபகுதிக் கிராமங்களில், நல்ல இணைப்புத் தருவதற்குப் பெரிய நிறுவனங்கள் முன்வராத நிலையில், ஊரார் 2011-இல் ஒரு சமூக நலச் சங்கம் அமைத்தனர். மக்கள் பங்கு வாங்கினர். விவசாயிகள் தம் வயல்களின் வழியே குழாய் செல்ல இடம் தந்தனர். ஊராரே பள்ளம் தோண்டினர். இன்று அங்கே நொடிக்கு 1,000 மெகாபிட், இறக்குவதற்கும் ஏற்றுவதற்கும் ஒரே அளவாகக் கிடைக்கிறது. நம் நாட்டில் இணையச் சேவை நடத்த உரிமம் வேண்டும், முதலும் பெரிது. ஆதலின் அவ்வழியை அப்படியே பின்பற்றுமாறு நாம் கூறவில்லை. ஆனால் அவர்கள் எடுத்த முதலடியை நாமும் எடுக்கலாம்: குறையை ஒவ்வொருவரும் தனித்தனியே சுமப்பதை விட்டு, ஊர்க்குறையாகக் கண்டனர்.

அடுத்த மாதாந்திரக் கூட்டத்தின் பொருள் நிரலில் இதனை ஒரு பொருளாகச் சேர்க்குமாறு சங்க நிர்வாகிகளை வேண்டுகிறோம். ஒரு நோட்டுப் புத்தகமும், நான்கு இளைஞரும், ஒரு வார உழைப்புமே தேவை. ஏரிக்கரைக்கு நடக்கும் நம் நெசவாளி அன்பரின் பெயர் அப்புத்தகத்தின் முதல் வரியில் இருக்கட்டும். எடைக்கல்லைச் சரிபார்க்கத் தொடங்கிய இயக்கம், இந்தப் புதிய சரக்கின் எடையையும் சரிபார்க்கட்டும்.